நீலப் பொட்டு

"உங்க வீட்டுச் சரக்குதானேக்கா இது? உங்க மாமனார்தானே கொண்டுவந்து வச்சுட்டுப் போனாரு!"

பழைய இரும்புக்கடைக்காரரின் மகள் போகிறபோக்கில் சொன்ன இந்த வார்த்தையோடுதான் போன வாரம் நம்மவளை நடுரோட்டில் விட்டுவிட்டு வந்தோம். பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாளா என்று கேட்டு எழுதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், சேர்ந்தாள். எப்படி ஓட்டிக்கொண்டு வந்தாள் என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவளுக்கே தெரியாது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம். பழைய கனரக லாரிகளை, அதுவும் செய்த கம்பெனியே மூடிப்போன லாரிகளைத் தட்டிக்கொட்டி மறுபடி ஓடவைப்பது இந்தக் குடும்பத்தின் தொழில். இன்ஜின் மாமனார் பொறுப்பு. மற்ற இரும்பெல்லாம் சின்னவன் பொறுப்பு. சின்னவன்தான் நம்மவளின் கணவன். அந்த வண்டிகளுக்கு வேண்டிய பாகம் எந்த ஊர்க் கோழிக்கொட்டகைக்குள் குப்பையோடு குப்பையாகக் கிடக்கிறது என்று மோப்பம் பிடித்துத் தூக்கிவருவது நம்மவளின் பொறுப்பு. 'ஸ்பேர் அக்கா' என்றால் பழைய இரும்புக்கடைகளில் தெரியாதவர்கள் கிடையாது.

இப்போது பட்டறையில் நிற்பது வாடிக்கையாளர் வண்டி அல்ல, சொந்த வண்டி. முன்பக்கம் ஒரு முழ மூக்கு நீட்டிக்கொண்டிருப்பதால் அதற்கு மூக்கி என்று பெயர். ஒரு காலத்தில் சின்னவனின் அண்ணன், அதாவது பெரியவன் ஓட்டியது. மலைச்சாலை வளைவு ஒன்றில் அவன் தூங்கிப்போனான், வண்டி பாறையில் மோதியது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அந்த இடத்திலேயே போய்விட்டாள். ஊரும் அப்படித்தான் சொல்கிறது, வீடும் அப்படித்தான் சொல்கிறது. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு அண்ணனின் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்தவன் சின்னவன். அதன்பிறகு பெரியவன் பேச்சையே அந்த வீட்டில் யாரும் எடுத்ததில்லை. கல்யாணமாகி வந்த நம்மவள் அவன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

அம்மா கடைசியாக ஏறிய வண்டியை ஒரு தடவையாவது ஓடவைத்துப் பார்க்க வேண்டும் என்பது சின்னவனின் பிடிவாதம். எல்லாம் கிடைத்துவிட்டது. ஸ்டியரிங் பாக்ஸ் மட்டும் கிடைக்கவில்லை. "அது விபத்துலயே நொறுங்கிப்போச்சு, உருக்கிட்டாங்க" என்றுதான் மாமனார் சொல்லிக்கொண்டிருந்தார். நம்மவளும் ஏறாத கடை ஏறி, கேட்காத ஆளையெல்லாம் கேட்டு அலைந்துகொண்டிருந்தாள்.

கடைசியில் பார்த்தால், அது மாமனாரின் கூட்டாளி கடையில், மாமனார் போட்ட கோணிக்குள், மாமனார் 'சொல்லிவைத்த சரக்காக' உட்கார்ந்திருந்திருக்கிறது. அந்தத் தொழிலில் ஒருவர் சொல்லிவைத்த சரக்கை இன்னொருவருக்குக் காட்டக்கூட மாட்டார்கள். கூட்டாளி படுத்த படுக்கையாகிவிட, கடையை ஒழிக்க வந்த மகளுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் தெரியவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்களே, அந்தக் கதைதான். ஆனால் வெண்ணெயை ஒளித்துவைத்தவரே வீட்டில் இருந்தார் என்பதைத்தான் நம்மவளால் ஜீரணிக்க முடியவில்லை.

வேனைப் பின்பக்கமாகப் பட்டறைக்குள் விட்டாள். மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்து வால்வு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, இன்னிக்கும் வெறுங்கையா?"

"இல்ல மாமா. கிடைச்சுடுச்சு."

"எது?"

"பாக்ஸ்."

வால்வு அவர் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. ஒரு இன்ஜினையே பிரித்துப் போட்டாலும் ஒரு வாஷரைக் கீழே விடாத மனுஷன். எழுந்து வந்து வேனுக்குள் எட்டிப் பார்த்தார். கோணி மூட்டையைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"அது மூக்கிக்குச் சேராதும்மா. மாடல் வேற. திருப்பிக் கொடுத்துடு."

"இன்னும் கோணியைப் பிரிக்கவே இல்லையே மாமா. எப்படிச் சொல்றீங்க?"

தலை வலிக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்று பின்பக்க அறைக்குள் போய்விட்டார்.

கேட்டிருக்கலாம். 'உங்க சரக்குதானாமே மாமா' என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம். ஆனால் நம்மவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைக்காரன் வாயை நம்பமாட்டாள், சரக்கைத்தான் நம்புவாள். செயின் பிளாக்கில் மாட்டி அந்தக் கனத்தை மேஜைமேல் இறக்கினாள். கோணியை அறுத்தாள்.

முதல் அதிர்ச்சி, அது நொறுங்கவே இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. கல்லுப்பிள்ளையாராட்டம் முழுசாக இருந்தது.

இரண்டாவது, பாக்ஸைச் சட்டத்தோடு பிணைக்கும் காதுகளில் ஒன்று என்றோ உடைந்து, பித்தளை ஊற்றி ஒட்டப்பட்டிருந்தது. அந்த ஒட்டு பக்கவாட்டில் கொஞ்சம் பிதுங்கியிருந்தது. நம்மவள் போய் மூக்கியின் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள். பிதுங்கலுக்கு வழிவிட்டு அரம் போட்டுக் குடைந்த பள்ளம் அங்கே அச்சாக இருந்தது. சந்தேகமே இல்லை. இது மூக்கி மாதிரி வண்டியின் பாக்ஸ் அல்ல, மூக்கியின் பாக்ஸே.

மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஷாஃப்ட்டின் முனையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

இங்கே கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புவதற்கு இந்த ஷாஃப்ட்டின் முனையில் ஒரு கை மாட்டியிருப்பார்கள். கை கழலாமல் இருக்க ஒரு நட். நட் கழலாமல் இருக்க, அதன் குறுக்கே ஷாஃப்ட்டில் துளை போட்டு அதில் ஒரு காட்டர் பின். விரல் நீளம்கூட இல்லாத அந்தப் பின்னை நம்பித்தான் அத்தனை டன் வண்டியும் வளைவில் திரும்புகிறது.

மோதலில் பின் முறிந்திருந்தால் அதன் துண்டு துளைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். நட் பிய்ந்து போயிருந்தால் மரை மழுங்கியிருக்கும். நம்மவள் துளையில் ஊதிப் பார்த்தாள். கண்ணை வைத்துப் பார்த்தாள். மறுபக்கத்து வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. மரை புதுசு போல இருந்தது.

முறியவில்லை, பிய்யவில்லை. பின் போடவே இல்லை. பின் இல்லாத நட் ஓட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுந்திருக்கிறது. வளைவில் பெரியவன் ஸ்டியரிங்கைத் திருப்பியிருப்பான், அது பாட்டுக்குச் சுற்றியிருக்கும், சக்கரம் நேராகப் பாறைக்குப் போயிருக்கும்.

"ஐயோ! அப்போ அவர் தூங்கவே இல்லையா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் ஷாஃப்ட்டின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த அழுக்கு கரைந்து, அடியில் இருந்த நிறம் தெரிந்தது.

நீலம். ஒரு பக்கம் பிறை போல வெட்டுப்பட்ட நீலப் பொட்டு. மீதிப் பாதி நட்டோடு போயிருக்கும்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. நட்டை முறுக்கி, பின்னைப் போட்டு, முனைகளை மடக்கி, எல்லாம் முடிந்தபிறகு நட்டின் தலையும் ஷாஃப்ட்டின் நுனியும் சேரும் இடத்தில் ஒரு சொட்டுப் பெயின்ட் வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நிறம். பொட்டு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். ஒருவர் வைத்த பொட்டை இன்னொருவர் சோதிப்பது அவமரியாதை. மாமனாருக்குச் சிவப்பு. பெரியவனுக்கு மஞ்சள் என்று கேள்வி, அந்த டப்பா காய்ந்துபோய் அலமாரியில் கிடக்கிறது.

நீலம் சின்னவனுடையது. இன்றைக்கும் அதேதான்.

நம்மவள் துணியை மேஜைமேல் வைத்தாள். பக்கத்திலிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான புதிதில் நடந்த ஒன்று இப்போது வந்து முகத்தில் அறைந்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சின்னவன் ஒரு வரிசை நட்டுக்கெல்லாம் முதலில் பொட்டு வைத்துவிட்டு, அதன்பிறகு ஒவ்வொன்றாகப் பின் போட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த மாமனார் ஸ்பேனரை எறிந்து கத்தினார், பாருங்கள், அப்படி ஒரு கத்தல். "பின்னுதாண்டா முதல்ல! பின்னுதான் முதல்ல!" இந்தச் சின்ன விஷயத்துக்கா இவ்வளவு கோபம் என்று அன்றைக்கு அவள் முந்தானையில் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

"பார்த்துட்டியாம்மா?"

மாமனார் வாசலில் நின்றிருந்தார். ஒரு மணி நேரத்தில் பத்து வயது கூடியவர் போலத் தெரிந்தார்.

"மாமா, இது…"

"அவன்தான். அவனுக்கே தெரியாது. எல்லாத்துக்கும் பொட்டை வச்சுட்டு, பின் போட்டுக்கிட்டே வந்திருக்கான். இந்த ஒண்ணை விட்டுட்டான். போட்டுட்டோம்னே நெனச்சுக்கிட்டிருக்கான், இன்னி வரைக்கும்."

"நீங்க எப்போ பார்த்தீங்க?"

"வண்டியை இழுத்துட்டு வந்த அன்னிக்கே. அவன் கண்ணுல படக் கூடாதுன்னு நானே கழட்டி, நானே கொண்டுபோய் வச்சேன். உருக்கச் சொல்லியிருக்கணும். மனசு வரல. உங்க அத்தையோட உயிர் போன சாமானாச்சே."

"அன்னிக்கேவா? அன்னிக்கே தெரிஞ்சும், பெட்டியைத் தூக்கி வெளியில போட்டப்ப சும்மா நின்னீங்களா?"

"நின்னேன்."

"அவரை ஊரே தூங்குமூஞ்சின்னு சொல்லுது மாமா! தூங்கி அம்மாவைக் கொன்னவன்னு எவனும் வண்டி தரமாட்டேங்குறானாம். எங்கேயோ கிடங்குல மூட்டை தூக்குறாராம். இதெல்லாம் எனக்கே காதுல விழுந்திருக்கு. பெத்தவர் உங்களுக்கு விழலையா?"

குரல் உயர்ந்துவிட்டது. மாமனாரிடம் அவள் இப்படிப் பேசியதே கிடையாது. அவர் கோபப்படவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து மேஜைக்கு எதிரே நின்றார்.

"விழுந்துச்சும்மா. ஆனா சின்னவனை உனக்குத் தெரியும். ஒரு நாய்க்குட்டி அடிபட்டாலே ரெண்டு நாள் சாப்பிடமாட்டான். அம்மாவைத் தன் கையாலதான் கொன்னோம்னு தெரிஞ்சா அவன் இருப்பானா? ரெண்டுல ஒண்ணையாவது உயிரோட வச்சுக்கணும்னு பார்த்தேன்."

என்ன சொல்வது? கேடுகெட்ட கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கில் மிஞ்சியது அவள் புருஷன்.

மாமனார் மண்ணெண்ணெய்த் துணியைக் கையில் எடுத்தார். ஷாஃப்ட்டின் நுனியை அழுத்தித் தேய்த்தார். நீலம் உரிந்து துணியில் ஒட்டியது. நம்மவள் தடுத்திருக்கலாம். கையை நீட்டினால் எட்டும் தூரம்தான். உண்மை தெரிந்த ஐந்தாவது நிமிஷமே அவளும் பொய்க்குத் துணைபோய்விட்டாள் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். அவளும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

துணியை அடுப்புக்குள் போட்டுவிட்டு அவர் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே வாசலில் சின்னவனின் குரல் கேட்டது.

"கிடைச்சுடுச்சாமே! ரேடியேட்டர் கடை வரைக்கும் சேதி வந்துடுச்சு. எங்க, எங்க?"

மூன்றே எட்டில் மேஜைக்கு வந்துவிட்டான். புதுச்சட்டை என்றும் பார்க்காமல் பாக்ஸைக் கட்டிப்பிடித்தான்.

"உன்னைக் கட்டினதுக்கு இதுக்குமேல ஒரு சீர் வேணுமாடி! எங்க பிடிச்ச? அப்பா, பாருங்கப்பா, கிடைக்கவே கிடைக்காதுன்னீங்களே!"

மாமனாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சின்னவனின் விரல்கள் பாக்ஸ் முழுக்க ஓடின. அவன் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் பார்ப்பதுதான் அதிகம். ஷாஃப்ட்டைத் தடவின, மரையைத் தடவின, துளையில் வந்து நின்றன. குனிந்து பார்த்தான். சிரித்தான்.

"அடப்பாவி! பின்னே போடாம மாட்டியிருக்கான்டி! எந்த மடையன் மாட்டினானோ. எத்தனை பேரைக் காவு கொடுத்தானோ. இவனையெல்லாம் நிக்க வச்சுச் சுடணும்."

நம்மவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னங்க, முதல்ல கை கால் கழுவிட்டு ஒரு வாய் டீ குடிங்க" என்றாள்.

"இரு, இரு." விரல்கள் அதற்குள் பக்கவாட்டுக்குப் போய்விட்டன. பித்தளை ஒட்டில் வந்து நின்றன. முன்னும் பின்னும் தடவின. அந்த ஒட்டைப் போடும்போது கொதிக்கக் கொதிக்கப் பித்தளை ஊற்றியவர் அப்பா, இடுக்கி பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்.

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது.

எழுந்து மூக்கியிடம் போனான். சட்டத்துப் பள்ளத்தில் விரலை வைத்தான். திரும்பி வந்தான். மறுபடி போனான்.

"அப்பா. இது நம்ம பாக்ஸு."

"ஆமாண்டா."

"நொறுங்கிப்போச்சுன்னீங்க."

"ஆமா, சொன்னேன்."

"இதை யாரு மாட்டினது?"

"நான்தான்." மாமனார் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "நான்தாண்டா மாட்டினேன். வயசாச்சு, கண்ணு தெரியல. பின்னை விட்டுட்டேன். உங்கம்மாவைக் கொன்ன பாவி நான்தான். என்னை என்ன வேணா பண்ணிக்கோ."

எவ்வளவு அழகாகச் சொன்னார்! எத்தனை வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருப்பாரோ. நம்மவள்கூட ஒரு நிமிஷம் நம்பிவிடலாமா என்று பார்த்தாள்.

சின்னவன் தலையை ஆட்டினான். மெதுவாக, இப்படியும் அப்படியும்.

"உங்க கை வெந்திருந்துச்சுப்பா. பித்தளை தெறிச்சு. கட்டுப் போட்டுக்கிட்டு அந்தத் திண்டுமேல உட்காந்திருந்தீங்க. 'நீ மாட்டுடா, உன்னால முடியும்'னு சொன்னீங்க. எனக்கு முதல் ஸ்டியரிங் வேலைப்பா அது."

"இல்லடா, அது வேற…"

"நான்தான் மாட்டினேன்."

மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தான். நம்மவள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள். அவன் அழவில்லை. அழுதால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. பேயறைந்தவன் மாதிரி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெட்டியைத் தூக்கி எறிஞ்சேனேடி. 'அம்மாவைத் தின்னுட்டு வந்து நிக்கிறியேடா'ன்னு அவன் மூஞ்சியில காறித் துப்பினேனே. துடைச்சுக்கிட்டு அப்படியே போனான். ஒரு வார்த்தை பேசலையே. தப்பு பண்ணினவன்தானே பேசாம போவான்? அதனாலதானே நம்பினேன்?" சட்டென்று நிமிர்ந்தான். "அப்பா, அவன் தூங்கலைன்னா, ஸ்டியரிங் பிடிக்கலைன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குமே? ஏன் சொல்லல?"

மாமனார் திண்டுமேல் உட்கார்ந்தார். இதை மருமகளிடம்கூட அவர் சொல்லவில்லை.

"அவன்தாண்டா முதல்ல பார்த்தான். அடிபட்ட உடம்போட வண்டிக்கு அடியில ஊர்ந்துபோய்ப் பார்த்திருக்கான். நான் போய்ச் சேர்ந்தப்ப உங்கம்மாவை மடியில போட்டுக்கிட்டு உட்காந்திருந்தான். 'அப்பா, தம்பி பின் போடலை. அவன்கிட்ட சொல்லிடாதீங்க, தாங்கமாட்டான். நான் தூங்கிட்டேன்னே இருக்கட்டும்'னு சொன்னான். என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டான்."

கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள். இது பூதத்துக்குப் பின்னால் இன்னொரு பூதம். நம்மவள் மாமனாரையே வெறித்துப் பார்த்தாள்.

சின்னவன் எழுந்தான். அப்பாவின் முன்னால் போய்க் கையை நீட்டினான்.

"நம்பர் கொடுங்க."

"வேணாம்டா. சத்தியம்…"

"அவன் நம்பர் உங்ககிட்ட இருக்கும். கொடுங்கப்பா."

மாமனார் தன் போனையே எடுத்துக் கொடுத்தார். பெயர் போடாத ஒரு எண்ணைக் காட்டினார். சின்னவன் இரண்டு தடவை தவறாக அழுத்த, மூன்றாவது தடவை நம்மவள்தான் அழுத்தினாள். சத்தத்தையும் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

ஒரு சின்னப் பெண்குழந்தை எடுத்தது. "தாத்தாவா?"

பெரியவனுக்குக் குழந்தை இருப்பதே சின்னவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. "தாத்தா இல்லம்மா. நான்… சித்தப்பா."

"சித்தப்பாவா? எவ்வளவு பழைய லாரியா இருந்தாலும் ஓட வச்சுடுவீங்களே, அந்தச் சித்தப்பாவா? அப்பா! அப்பா, இங்க வாங்க, சித்தப்பா!"

எதையோ கீழே போடும் சத்தம் கேட்டது. யாரோ ஓடிவந்தார்கள். போன் கை மாறியது. சின்னவன் "அண்ணே" என்று ஆரம்பித்தான். குரல் உடைந்து, அதற்குமேல் வரவில்லை.

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது பெரியவனுக்கு.

"டேய் தம்பி, இங்க பாரு. அப்பா உன்கிட்ட என்ன உளறினாரோ எனக்குத் தெரியாது. அவருக்கு வயசாச்சு, நீ எதையும் நம்பாதே. நான் தூங்கிட்டேண்டா. சத்தியமா நான்தான் தூங்கிட்டேன்."